ஃபீஸ் இல்லாத படிப்பு... யாருக்கு, எங்கே, எதுவரை?

கோவைப் பக்கம் ஒரு வீடு. இப்படிப்பட்ட வீடுகள் இன்று தமிழ்நாடு முழுக்க இருப்பதால் பெயரெல்லாம் வேண்டாம். அப்பாவுக்கு லேத் பட்டறை. அம்மா வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிறார். மகள் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் கடைசி வருடம். ராத்திரி சாப்பாடு முடிந்து தட்டு எடுக்கும் நேரம் பார்த்து மகள் பேச்சை ஆரம்பிக்கிறாள்.

“அப்பா, ஜெர்மனியில மாஸ்டர்ஸ் படிக்கறதுக்கு ஃபீஸே கிடையாதுங்கப்பா.”

“ஏங்கண்ணு, ஃபீஸ் வாங்காம எவன் சொல்லிக் குடுப்பான்? இங்க எல்.கே.ஜி-க்கே கட்டிட்டுத்தானே வந்தோம்?”

“நெசமாத்தானுங்கப்பா. எங்க சீனியர் அக்கா போன வருஷமே போயிட்டாங்க.”

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல். “ஃபீஸே இல்லைன்னா, அந்த கன்சல்டன்சிக்காரர் எதுக்குங்க பேங்க்ல பன்னெண்டு லட்சம் காட்டச் சொல்றாரு? நாளைக்கு வந்து ஒண்ணரை லட்சம் அட்வான்ஸ் வேற கட்டச் சொன்னாரே?”

மூன்று பேரும் கேட்டது மூன்று கேள்விகள். ஃபீஸ் இல்லையா? இல்லையென்றால் ஏன் இல்லை? அப்புறம் எதற்குப் பன்னிரண்டு லட்சம்? மகளின் கல்யாணத்துக்கென்று வாங்கிப் போட்ட மூன்று சென்ட் இடம் அந்த வீட்டில் இருக்கிறது. அதன் பத்திரம் பீரோவிலேயே இருக்குமா, அடமானத்துக்குப் போகுமா என்பது இந்த மூன்று கேள்விகளுக்குக் கிடைக்கும் பதிலில் இருக்கிறது.

ஏன் வாங்குவதில்லை?

முதலில் அப்பாவின் கேள்வி. ஃபீஸ் வாங்காமல் யார் சொல்லித் தருகிறார்கள்? ஜெர்மனி மக்கள்தான், அவர்கள் கட்டும் வரிப்பணத்தில்.

ஜெர்மனியில் 16 மாநிலங்கள். உயர்கல்வி அந்தந்த மாநிலத்தின் பொறுப்பு. அரசுப் பல்கலைக்கழகத்தின் பெரும்பகுதிச் செலவை மாநில அரசே ஏற்கிறது. அதனால் பெரும்பாலான மாநிலங்களில் பட்டப்படிப்புக்கும், அதைத் தொடர்ந்து படிக்கும் முதுகலைப் படிப்புக்கும் கல்விக் கட்டணம் கிடையாது. உள்ளூர்ப் பிள்ளைக்கு என்ன விதியோ, கோவைப் பிள்ளைக்கும் அதே விதி.

இது எப்போதும் இப்படியே இருந்ததாக நினைக்க வேண்டாம். ‘நாடு முழுக்கக் கட்டணம் வாங்கக் கூடாது’ என்று மத்திய அரசு ஒரு சட்டம் போட்டிருந்தது. 2005 ஜனவரி 26 அன்று ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம், ‘இதை முடிவு செய்ய வேண்டியது மாநிலங்கள்’ என்று சொல்லி அந்தத் தடையை ரத்து செய்தது. உடனே 7 மாநிலங்கள் செமஸ்டருக்கு 500 யூரோ வரை வாங்க ஆரம்பித்தன. மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். பெற்றோரும் முகம் சுளித்தார்கள். ஹெஸ்ஸே மாநிலம் 2008-லேயே பின்வாங்கியது. பவேரியா மாநிலத்தில் 2013 ஜனவரியில் பொதுமக்கள் நகராட்சி அலுவலகங்களுக்கே போய், கட்டணத்தை எடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு வாரத்துக்குள் வாக்காளர்களில் 10 சதவிகிதம் பேர் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. அதைத் தாண்டிப் போட்டார்கள். கட்டணம் போனது. கடைசியாக லோயர் சாக்ஸனி மாநிலமும் 2014-ல் கைவிட்டது.

ஆக, அங்கே ஃபீஸ் இல்லாமல் போனது சும்மா வந்ததல்ல. அந்த ஊர் மக்கள் கேட்டு வாங்கியது. அதன் நிழலில்தான் வெளிநாட்டுப் பிள்ளைகளும் உட்கார்கிறார்கள்.

சரி, தங்கள் பிள்ளைகளுக்கு இலவசம் என்றால் நியாயம். நம் பிள்ளைக்கு ஏன்? அதில் கணக்கு இருக்கிறது. ஜெர்மனியில் வயதானவர்கள் அதிகரிக்கிறார்கள். இன்ஜினீயர், கம்ப்யூட்டர், மருத்துவப் பணிகளுக்கு ஆள் போதவில்லை. அங்கே படித்து முடிக்கும் வெளிநாட்டு மாணவருக்கு வேலை தேட 18 மாதம் வரை தங்க அனுமதி தருகிறார்கள். படித்தவர் அங்கேயே வேலைக்குச் சேர்ந்து வரி கட்டினால், செலவழித்த பணம் திரும்பி வந்துவிடும். நம்மவர்களும் அதைப் புரிந்துகொண்டார்கள். 2022-23 குளிர்கால செமஸ்டரில் சீன மாணவர்களைத் தாண்டி, ஜெர்மனியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்கள் முதலிடத்துக்கு வந்தார்கள். அடுத்த ஆண்டு அந்த எண்ணிக்கை 49 ஆயிரத்தைத் தாண்டியது.

‘இல்லை’ என்பதற்குள் இருக்கும் ‘உண்டு’

இப்போது மகள் சொன்னது. “ஃபீஸே கிடையாது.” இது முக்கால் உண்மை. மீதிக் காலில்தான் பல குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன.

முதலாவது, செமஸ்டர் பங்களிப்புத் தொகை என்று ஒன்று எல்லா இடத்திலும் உண்டு. இடத்தைப் பொறுத்து சுமார் 100 முதல் 350 யூரோ. இது பாடம் நடத்துவதற்கான கட்டணம் கிடையாது. மாணவர் உணவகம், விடுதி, மாணவர் அமைப்பு ஆகியவற்றுக்கான பணம். பல ஊர்களில் பஸ், டிராம், ரயில் பாஸும் இதிலேயே அடங்கும். அந்த பாஸை வெளியே வாங்கினால் ஆகும் செலவை நினைத்தால், இது கொடுத்துத் தீர வேண்டிய நல்ல செலவு.

இரண்டாவது, பாடன்-வுர்ட்டம்பர்க். ஸ்டுட்கார்ட், ஹைடல்பர்க், ஃப்ரைபர்க், கார்ல்ஸ்ரூ, டூபிங்கன், மான்ஹைம் என்று நம் பிள்ளைகள் வாயில் அடிக்கடி வரும் ஊர்களெல்லாம் இந்த ஒரே மாநிலத்தில்தான் இருக்கின்றன. 2017-18 குளிர்கால செமஸ்டரிலிருந்து, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். பென்ஸும் போர்ஷேவும் இருக்கிற ஊர் என்பதால் மெக்கானிக்கல் படித்த பிள்ளைகளுக்கு ஸ்டுட்கார்ட் மேல் தனி ஆசை. ஆசைக்கு விலை உண்டு என்று தெரிந்துகொண்டு விண்ணப்பிக்க வேண்டும்.

மூன்றாவது, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். டி.யூ.எம் என்பார்கள். ஜெர்மனியின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்று. பவேரியா மாநிலம் 2023 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த புதிய உயர்கல்விச் சட்டம், வெளிநாட்டு மாணவர்களிடம் கட்டணம் வாங்குவதா வேண்டாமா என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் முடிவுக்கு விட்டது. டி.யூ.எம் வாங்குவதென்று முடிவெடுத்தது. 2024-25 குளிர்கால செமஸ்டரிலிருந்து புதிதாகச் சேரும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலுள்ள மாணவர்களுக்கு, பட்டப்படிப்பு என்றால் செமஸ்டருக்கு 2,000 அல்லது 3,000 யூரோ. முதுகலை என்றால் 4,000 அல்லது 6,000 யூரோ. எந்தப் படிப்பு என்பதைப் பொறுத்துத் தொகை மாறும். ஏற்கெனவே சேர்ந்து படித்துக்கொண்டிருந்தவர்கள் அந்தப் படிப்பை முடிக்கும்வரை பழைய விதிதான்.

இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். 2023-ல் போன சீனியர் அக்கா சொன்னது பொய்யில்லை. அவர் போனபோது அதுதான் விதி. விதி மாறியது அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்கு. வாட்ஸ்அப் குரூப்பில் வரும் ‘எங்க பேட்ச்ல யாரும் ஃபீஸ் கட்டலை’ என்ற செய்தியில் பேட்ச் வருடம் முக்கியம்.

நான்காவது, தனியார் பல்கலைக்கழகங்கள். இவை கட்டணம் வாங்கித்தான் நடக்கின்றன. இதற்குள் ஒரு வார்த்தைச் சிக்கல் இருக்கிறது. ஜெர்மன் மொழியில் ‘ஷ்டாட்லிஷ்’ என்றால் அரசினுடையது. ‘ஷ்டாட்லிஷ் அனெர்கான்ட்’ என்றால் அரசு அங்கீகாரம் பெற்றது. இரண்டாவது வார்த்தை தனியார் பல்கலைக்கழகத்தின் பெயரோடும் வரும். பட்டம் செல்லும், படிப்பும் நன்றாகவே இருக்கலாம். ஆனால், கட்டணம் உண்டு. ‘கவர்ன்மென்ட் ரெகக்னைஸ்டு’ என்று பிரசுரத்தில் பார்த்ததும் அரசுக் கல்லூரி என்று நினைத்துக்கொள்வது நம் ஊரிலும் நடக்கிற தவறுதான்.

இவை தவிர, வேலை அனுபவம் உள்ளவர்களுக்கென்று நடத்தப்படும் சில முதுகலைப் படிப்புகளுக்கு அரசுப் பல்கலைக்கழகத்திலேயே கட்டணம் உண்டு. எம்.பி.ஏ பெரும்பாலும் இந்த வகைதான். சில மாநிலங்களில் படிப்பை வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டே போனாலும் தனிக் கட்டணம் விழும்.

விலக்கு யாருக்கு?

கட்டணம் உள்ள இடத்திலும் எல்லோரும் கட்டுவதில்லை. விலக்கு என்று ஒரு கதவு இருக்கிறது. அது யாருக்குத் திறக்கும் என்று தெரியாமல் தட்டிக்கொண்டிருந்தால் நேரம்தான் வீண்.

பாடன்-வுர்ட்டம்பர்க்கில் யார் யாருக்கு இந்த 1,500 யூரோ இல்லை? ஐரோப்பிய ஒன்றிய நாட்டவருக்கு இல்லை. ஜெர்மனியிலேயே பள்ளிப் படிப்பு முடித்து, பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெற்ற வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இல்லை. அகதியாக ஏற்கப்பட்டவர்களுக்கு இல்லை. நிரந்தரமாகத் தங்கும் உரிமை போன்ற சில வகை அனுமதி வைத்திருப்பவர்களுக்கு இல்லை. இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு இடையே ஒப்பந்தம் போட்டு ஒரு செமஸ்டர், இரண்டு செமஸ்டர் என்று போய்வரும் பரிமாற்ற மாணவர்களுக்கு இல்லை. முனைவர் பட்ட ஆய்வு மாணவர்களுக்கும் இல்லை. படிப்பைப் பெரிதும் பாதிக்கும் அளவுக்கு உடல் குறைபாடு இருந்தால், விண்ணப்பித்து விலக்குக் கேட்கலாம்.

இந்தப் பட்டியலை நம் கோவை வீட்டு மகளோடு ஒப்பிட்டால், நேராகப் பொருந்துவது எதுவும் இல்லை. முதுகலைக்குப் போகிறார், இங்கிருந்து புதிதாகப் போகிறார். அவர் கட்டத்தான் வேண்டும். ஆனால், இதே வீட்டில் முனைவர் பட்டத்துக்குப் போகிற ஒருவர் இருந்தால் கதை வேறு. இங்கே படிக்கும் கல்லூரிக்கு ஸ்டுட்கார்ட்டோடு பரிமாற்ற ஒப்பந்தம் இருந்தால், ஒரு செமஸ்டர் அங்கே கட்டணமில்லாமல் படித்துவிட்டு வரலாம். இதைக் கல்லூரியின் வெளிநாட்டுத் தொடர்புப் பிரிவில் போய்க் கேட்கிற பிள்ளைகள் குறைவு.

டி.யூ.எம்-மில் கட்டணத்தோடு சேர்த்தே தள்ளுபடிக்கும் உதவித்தொகைக்கும் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். குடும்பச் சூழ்நிலை, படிப்பில் சிறப்பு என்று அதற்குத் தகுதிகள் உண்டு. ஆனால், அது தானாக வராது. கேட்க வேண்டும், சான்றிதழ் கொடுக்க வேண்டும், குறித்த தேதிக்குள் கொடுக்க வேண்டும். கேட்ட எல்லோருக்கும் கிடைத்துவிடும் என்ற உறுதியும் இல்லை. அதனால், தள்ளுபடி கிடைக்கும் என்று நம்பிக் கணக்குப் போடக் கூடாது. கிடைக்காவிட்டாலும் சமாளிக்க முடியுமா என்று பார்த்துவிட்டுத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

இன்னொன்று, ‘டாய்ச்லாண்ட் ஸ்டிப்பெண்டியம்’ என்ற உதவித்தொகை. மாதம் 300 யூரோ. பாதியை அரசும் பாதியைத் தனியார் நன்கொடையாளர்களும் தருகிறார்கள். எந்த நாட்டு மாணவரும் கேட்கலாம். ஆண்டுக்கு 3,600 யூரோ என்றால் பாடன்-வுர்ட்டம்பர்க்கின் 3,000 யூரோ ஆண்டுக் கட்டணத்தைக் கட்டி, மிச்சமும் இருக்கும்.

அம்மாவின் பன்னிரண்டு லட்சம்

இப்போது அம்மாவின் கேள்வி. ஃபீஸ் இல்லாத ஊருக்கு எதற்குப் பன்னிரண்டு லட்சம்?

அது கட்டணம் கிடையாது. சாப்பாடு, வாடகை. ‘பிளாக்டு அக்கவுன்ட்’ என்பார்கள். அங்கே வந்து பட்டினி கிடக்க மாட்டார் என்பதற்கு ஜெர்மனி தூதரகம் கேட்கும் ஆதாரம். 2024 செப்டம்பரிலிருந்து ஓர் ஆண்டுக்கு 11,904 யூரோ. யூரோவை 100 ரூபாய் என்று எளிதாக வைத்துக்கொண்டால் 11.9 லட்சம். அங்கே போன பிறகு மாதம் 992 யூரோ என்று அந்தப் பணத்தையே மாணவர் எடுத்துச் செலவு செய்யலாம். யாருக்கும் கொடுப்பதில்லை, நம் பணம் நமக்கே வருகிறது. ஆனால், முதலில் மொத்தமாகப் போட வேண்டும் என்பதுதான் நடுத்தரக் குடும்பத்தின் நெஞ்சில் ஏறும் கல். பல வீடுகளில் கல்விக்கடன் வாங்குவதே இதற்காகத்தான்.

ஆகவே, இரண்டு வருட முதுகலைப் படிப்புக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாப்பாடு, வாடகைச் செலவு எங்கே போனாலும் ஏறக்குறைய ஒன்று என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஆண்டுக்கு 23,808 யூரோ. சுமார் 24 லட்சம்.

கட்டணம் இல்லாத மாநிலம் என்றால் இதோடு செமஸ்டர் பங்களிப்பு மட்டும். 300 யூரோ என்று வைத்தால் 4 செமஸ்டருக்கு 1.2 லட்சம். மொத்தம் 25 லட்சத்துச் சொச்சம்.

பாடன்-வுர்ட்டம்பர்க் என்றால் இதற்கு மேல் 6,000 யூரோ. மொத்தம் 31 லட்சத்துச் சொச்சம்.

டி.யூ.எம்-மில் 6,000 யூரோ கட்டணமுள்ள படிப்பு என்றால் 4 செமஸ்டருக்கு 24,000 யூரோ. அதாவது, இரண்டு வருடம் சாப்பிட்டுத் தங்குகிற செலவு எவ்வளவோ, அதே அளவு ஃபீஸ். மொத்தம் 50 லட்சத்தை நெருங்கிவிடும்.

மூன்றும் ஜெர்மனிதான். முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் இரண்டு மடங்கு வித்தியாசம். ‘ஜெர்மனின்னா ஃபீஸ் இல்ல’ என்ற ஒரே வரியில் இது தெரியாது.

இதில் வரவும் உண்டு. மாணவர் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை பார்க்கலாம். இரண்டாம் ஆண்டுச் செலவில் ஒரு பகுதியை அந்தச் சம்பளத்தில் சமாளிக்கிற பிள்ளைகள் நிறைய. ஆனால், போன முதல் மாதமே வேலை கிடைத்துவிடும் என்று கணக்குப் போடுவது ஆபத்து. ஜெர்மன் மொழி ஓரளவு பேச வந்தால்தான் சிறு வேலைகூட எளிதாகக் கிடைக்கும். ஆங்கிலத்திலேயே முதுகலை படிக்கலாம் என்பது உண்மை. ரொட்டிக் கடையில் ஆங்கிலம் போதாது என்பதும் உண்மை.

போவதற்கு முன்பே ஆகும் சிறு செலவுகளும் உண்டு. 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்கு ஏ.பி.எஸ் என்ற சான்றிதழ் சரிபார்ப்பு கட்டாயம்; அதற்கு 18,000 ரூபாய். பல பல்கலைக்கழகங்களுக்கு ‘யூனி-அசிஸ்ட்’ என்ற பொதுவான அமைப்பு வழியாக விண்ணப்பிக்க வேண்டும்; முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்தடுத்து ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. இவை எல்லாவற்றையும் மாணவரே செய்துகொள்ள முடியும்.

வருமானத்தைப் பார்த்து விலக்கு: இத்தாலி

ஜெர்மனியில் கேட்பது ‘நீ எந்த நாட்டுக்காரர்?’ என்று. இத்தாலியில் கேட்பது ‘உங்கள் வீட்டு வருமானம் எவ்வளவு?’ என்று. நம் ஊர்ப் பிள்ளைகள் இப்போது இத்தாலிப் பக்கம் திரும்பியிருப்பதற்கு இதுதான் காரணம்.

அங்கே ஒரு குடும்பத்தின் வருமானம், சொத்து, உறுப்பினர் எண்ணிக்கை மூன்றையும் சேர்த்து ஒரு எண் போடுகிறார்கள். ‘இசே’ என்று பெயர். அரசுப் பல்கலைக்கழகங்களில் அந்த எண் 22,000 யூரோவுக்குள் இருக்கும் மாணவருக்குக் கல்விக் கட்டணம் தள்ளுபடி என்பது பொது விதி. வெளிநாட்டு மாணவருக்கென்று சில பல்கலைக்கழகங்கள் தனிக் கட்டண முறை வைத்திருப்பதால், சேரும் இடத்தின் விதியைப் பார்க்க வேண்டும். இதைத் தவிர, அந்தந்த வட்டார அரசு தரும் உதவித்தொகை கிடைத்தால் கட்டணமும் இல்லை, கையில் செலவுக்குப் பணமும் வரும்.

கேட்க இனிக்கிறது. வேலை காகிதத்தில்தான் இருக்கிறது. அப்பாவின் வருமானச் சான்று, அம்மாவின் வருமானம் அல்லது வருமானம் இல்லை என்ற சான்று, வங்கியிருப்பு, வீட்டின் பரப்பளவு, குடும்ப உறுப்பினர் சான்று எல்லாம் வேண்டும். அதுவும் நடப்பு ஆண்டுடையது அல்ல. இரண்டு ஆண்டுகளுக்கு முந்தையது கேட்பார்கள். எல்லாவற்றையும் இத்தாலிய மொழியில் மொழிபெயர்த்து, அப்போஸ்டில் முத்திரை வாங்க வேண்டும். ஊரில் இருக்கும் வீட்டை, சதுர மீட்டருக்கு 500 யூரோ என்று மதிப்புப் போட்டுக் கணக்கில் சேர்க்கிறார்கள். வி.ஏ.ஓ ஆபீஸிலும் தாலுகா ஆபீஸிலும் ஒரு கையெழுத்துக்கு எத்தனை நாள் ஆகும் என்று நம் குடும்பங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த நாட்களையும் சேர்த்து முன்கூட்டியே ஆரம்பிக்க வேண்டும்.

விலக்கு கிடைத்த பிறகும் ஒரு கயிறு கட்டியிருக்கிறது. முதல் ஆண்டில் குறைந்தபட்சப் பாடங்களில் தேறினால்தான் இரண்டாம் ஆண்டுக்கும் விலக்கு. சட்டப்படியான கட்டண விலக்கு தொடர, முதல் ஆண்டின் ஆகஸ்ட் 10-க்குள் 10 கிரெடிட் வேண்டும். உதவித்தொகைக்கு அதைவிட அதிகம். விலக்கை வாங்கும் வரை இருந்த பதற்றம், வாங்கிய பிறகு போய்விடக் கூடாது என்பதற்கே இந்த ஏற்பாடு போலிருக்கிறது.

காற்று எந்தப் பக்கம்?

ஒரு காலத்தில் வட ஐரோப்பா முழுக்கவே வெளிநாட்டு மாணவருக்குக் கட்டணம் கிடையாது. டென்மார்க் 2006-ல் ஆரம்பித்தது. ஸ்வீடன் 2011-ல். ஃபின்லாந்து 2017-ல். நார்வே ரொம்ப நாள் தாக்குப்பிடித்து, 2023-ல் விழுந்தது. கட்டணம் வந்ததும் ஸ்வீடனிலும் நார்வேயிலும் வெளியிலிருந்து வரும் புதிய மாணவர் எண்ணிக்கை மளமளவென்று சரிந்தது.

பிரான்ஸ் கதை சுவாரசியமானது. 2019-ல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களுக்குக் கட்டணத்தைப் பல மடங்கு ஏற்றினார்கள். பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு 2,770 யூரோ, முதுகலைக்கு 3,770 யூரோ. ஆனால், பல்கலைக்கழகங்கள் தங்கள் மாணவர்களில் 10 சதவிகிதம் பேர் வரை விலக்குக் கொடுக்கலாம் என்ற பழைய விதி அப்படியே இருந்தது. பல பல்கலைக்கழகங்கள் அந்த விதியைப் பிடித்துக்கொண்டு, வெளிநாட்டு மாணவர்களுக்கு விலக்குக் கொடுத்தன. மேலே அரசு ஏற்றியதைக் கீழே பல்கலைக்கழகங்கள் இறக்கின.

இதிலிருந்து நம் குடும்பங்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். கட்டண விலக்கு என்பது ஒரு நாட்டின் குணம் கிடையாது. அது ஒரு மாநிலம், ஒரு பல்கலைக்கழகம், ஒரு வருடம் எடுக்கும் முடிவு. மாறும்.

பணம் கட்டுவதற்கு முன்...

* சேரப்போவது அரசுப் பல்கலைக்கழகமா, அரசு அங்கீகாரம் பெற்ற தனியாரா? டி.ஏ.ஏ.டி என்ற ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பின் தளத்தில், ஒவ்வொரு படிப்புக்கும் செமஸ்டருக்கு எவ்வளவு கட்டணம் என்று போட்டிருப்பார்கள்.

* எந்த மாநிலம்? ஊர் பெயர் தெரிந்தால் போதாது, மாநிலம் தெரிய வேண்டும்.

* கட்டண விவரம் எந்தச் சேர்க்கை ஆண்டுக்கானது? பல்கலைக்கழகத்தின் சொந்தத் தளத்தில் இருப்பதுதான் கடைசி வார்த்தை.

* விலக்கு தானாக வருமா, விண்ணப்பிக்க வேண்டுமா? கடைசித் தேதி எது? சேர்க்கைத் தேதியும் விலக்குத் தேதியும் பெரும்பாலும் வேறு வேறு.

* விலக்கு எதுவரை? தொடர எத்தனை மதிப்பெண், எத்தனை கிரெடிட் வேண்டும்?

* விலக்கே கிடைக்காவிட்டால், வீட்டால் தாங்க முடியுமா?

கோவை வீட்டுக்குத் திரும்புவோம். தட்டுகளெல்லாம் கழுவியாகிவிட்டது. மகள் போனில் அந்த கன்சல்டன்சி கொடுத்த பிரசுரத்தைத் திறந்து, பல்கலைக்கழகத்தின் பெயரை டி.ஏ.ஏ.டி தளத்தில் தேடுகிறாள். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

“அப்பா, இது பிரைவேட்டுங்கப்பா. வருஷத்துக்குப் பத்து லட்சத்துக்கு மேல ஃபீஸ் வருது.”

“ஜீரோ ஃபீஸ்னு சொன்னாரே கண்ணு?”

“கன்சல்டன்சிக்கு ஜீரோ ஃபீஸுன்னு சொல்லியிருக்காருங்கப்பா. நாமதான் சரியாக் கேட்கலை.”

மறுநாள் அட்வான்ஸ் கட்டப் போவதில்லை என்று முடிவானது. கட்டணமில்லாத மாநிலங்களில் நான்கு அரசுப் பல்கலைக்கழகங்கள், ஆசைக்கு ஸ்டுட்கார்ட் ஒன்று என்று மகள் நோட்டில் எழுதினாள். பிளாக்டு அக்கவுன்டுக்கு கல்விக்கடன் எவ்வளவு கிடைக்கும் என்று பேங்க்கில் கேட்டுவிட்டு வருவதாக அப்பா சொன்னார். மூன்று சென்ட் இடத்தின் பத்திரம் இப்போதைக்கு பீரோவிலேயே இருக்கட்டும். அம்மா எழுந்து போய், சுவரில் மாட்டியிருந்த மாதக் காலண்டரில் விண்ணப்பத்தின் கடைசித் தேதிகளைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டார். கேஸ் சிலிண்டர் வந்த தேதிக்குப் பக்கத்திலேயே ஹனோவர் என்று எழுதியிருக்கிறது.

படுக்கப் போகும் முன் அப்பா வாசல் விளக்கை அணைத்துவிட்டு ஒரு நிமிடம் நின்றார்.

“கண்ணு, அந்த ஊருக்காரங்க கட்டற வரியிலதானே உனக்குச் சொல்லிக் குடுக்கறாங்க?”

“ஆமாங்கப்பா.”

“அப்ப நல்லாப் படிக்கோணும் சாமி. நம்ம காசுன்னா ஒரு பேப்பர் போனாக்கூட நாம பாத்துக்கலாம். அடுத்தவங்க காசு.”